சிங்கப்பூர், பிப்ரவரி 2020: தைப்பூசமும் ஆரஞ்சு அறிவிப்பும்

சிங்கப்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்காரர் இந்த வருடம் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறார் என்று நவம்பரிலேயே டிக்கெட் போட்டாகிவிட்டது. வூஹான் என்ற ஊரின் பெயரை அப்போது எங்களில் யாரும் கேள்விப்பட்டதில்லை. சிங்கப்பூரில் இருந்தபோது இரவில் கைப்பேசியில் எழுதி வைத்த குறிப்புகள் இவை. இப்போது ஏப்ரலில், ஊரடங்கில் வீட்டோடு உட்கார்ந்து, வாக்கியங்களை மட்டும் சீர்செய்து போடுகிறேன். பின்னால் தெரியவந்ததை உள்ளே நுழைக்கவில்லை. அதற்குக் கடைசியில் தனியாக இடம் விட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 6, வியாழன்

திருச்சியில் ஏறியவர்களில் பாதிப் பேர் முகத்தை மூடியிருந்தார்கள். முகக்கவசம் கிடைக்காதவர்களுக்குக் கைக்குட்டை, துண்டு, சேலைத் தலைப்பு. சாங்கி விமான நிலையத்தில் இறங்கி வெப்பக் கேமராவைத் தாண்டி வெளியே வந்தால் பத்துப் பேரில் இரண்டு பேர்தான் முகக்கவசத்தோடு போகிறார்கள். உடம்பு சரியில்லாதவர்கள் மட்டும் போட்டுக்கொண்டால் போதும் என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. பிப்ரவரி 1 முதல் வீட்டுக்கு நான்கு முகக்கவசம் கொடுக்கிறார்கள். தங்கை தனக்குக் கிடைத்ததைப் பிரிக்காமல் சாமி அலமாரியில் வைத்திருக்கிறாள்.

டாக்சி ஓட்டியவர் அறுபதைத் தாண்டிய சீனப் பெரியவர். இங்கே ஓட்டுநரை எல்லோரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெட்டியைத் தூக்கி வைக்கும் முன்பே எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். இந்தியா என்றதும் முகம் தெளிந்தது. விமான நிலையத்துக்கு வரவே பல ஓட்டுநர்கள் பயப்படுகிறார்களாம். "சீனாவிலிருந்து வருகிறவர்கள் என்று நினைக்கிறார்கள். நானும் சீனன்தான். என்னைப் பார்த்து வண்டியில் ஏறாமல் போனவர்களும் உண்டு" என்றார். 2003இல் சார்ஸ் வந்தபோது இந்த ஊரில் 238 பேருக்குத் தொற்றியது, 33 பேர் இறந்தார்கள். அந்த 33 என்ற எண்ணை அவர் யோசிக்காமல் சொன்னார். அப்போது அவருடைய அண்ணி மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்தாராம். மூன்று மாதம் குடும்பத்தில் யாரும் அவரோடு ஒரே மேசையில் சாப்பிடவில்லை. "அதற்கு இன்றைக்கு வரை அவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை" என்று சொல்லிவிட்டு வானொலியைக் கூட்டி வைத்தார்.

தங்கை வீடு இருக்கும் அங் மோ கியோ வரை 24 வெள்ளி. இங்கே நம்மவர்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். இன்றைய கணக்குக்கு ஒரு வெள்ளி 51 ரூபாய்.

இன்றுவரை சிங்கப்பூரில் 30 பேருக்குக் கொரோனா தொற்று. இறப்பு இல்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

காலையில் கீழே காப்பிக் கடையில் கோப்பி 1.20 வெள்ளி, காயா என்கிற தேங்காய் ஜாம் தடவிய ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை. பக்கத்து மேசையில் நான்கு சீனப் பெரியவர்கள் ஒரே கைப்பேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வூஹானில் இந்த நோயைப் பற்றி முதலில் எச்சரித்து, அதற்காகக் காவல்துறையின் கண்டிப்புக்கு ஆளான கண் மருத்துவர் லி வென்லியாங் இறந்துவிட்டார். கைப்பேசியில் இருந்தது அவருடைய படம்தான். ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேசையைத் துடைக்க வந்த அம்மாவும் நின்று பார்த்தார். அவர் போகும் வரை யாரும் எதுவும் பேசவில்லை.

மதியம் தங்கையின் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்தது. எச்சரிக்கை நிலையை மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு உயர்த்தப் போகிறார்கள் என்று. மாலையில் அதிகாரபூர்வமாகவே அறிவித்துவிட்டார்கள். எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாத தொற்றுகள் சில தென்பட்டதுதான் காரணம். இது சார்ஸுக்குப் பிறகு வகுத்த நிற வரிசை: பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. 2009 பன்றிக்காய்ச்சலின்போதும் ஆரஞ்சு வந்து போயிருக்கிறது. இதையெல்லாம் இரவு வீட்டுக்கு வந்த பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் ஊருக்குக் கேட்டதெல்லாம், அடுத்தது சிவப்பு என்பதுதான்.

தங்கை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டாள். "அக்கா, கீழே இறங்கி அஞ்சு கிலோ அரிசி மட்டும் வாங்கி வச்சிடேன்." வீட்டில் அரிசி இருக்கிறதே என்றேன். "எல்லாரும் வாங்குறாங்கக்கா" என்றாள். குரலில் நடுக்கம்.

பேரங்காடிக்குள் நுழையவே நேரமாயிற்று. கல்லாவிலிருந்து கிளம்பிய வரிசை பால் அலமாரி, மீன் பகுதி, துப்புரவுச் சாமான் என்று சுற்றிக்கொண்டு வாசலுக்கே வந்திருந்தது. நூடுல்ஸ் தட்டுகளில் விலைச்சீட்டு மட்டும் இருந்தது. கழிவறைத் தாள் இருந்த இடத்தில் சுவர் தெரிந்தது. ஒரு இளம் தம்பதியின் தள்ளுவண்டியில் ஆறு மூட்டை அரிசி, அதன் மேல் முட்டை அட்டைகள். அந்தப் பெண்ணுக்கு நிறைமாதம். அவளைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. என் முன்னால் நின்ற முதியவர் கையில் ஒரு ரொட்டியும் ஒரு டின் சார்டினும். தினமும் வாங்குவதை வாங்க வந்து இதில் மாட்டிக்கொண்டவர். மலாய்ப் பெண் ஒருவர் அவர் தோளைத் தொட்டு, பேசாமல் முன்னே போகச் சொல்லிக் கை காட்டினார். அப்படியே வரிசை முழுக்க ஒவ்வொருவராக வழிவிட்டு, அந்தப் பெரியவரைக் கல்லா வரை அனுப்பிவைத்தார்கள். அவருக்கு வழிவிட்ட அதே கைகள்தான் கடைசி அரிசி மூட்டையையும் எடுத்தன. இரண்டையும் ஒரே மணி நேரத்தில் பார்த்தேன்.

இந்திய சாமான் தட்டில் இட்லி அரிசி மட்டும் மிச்சம் இருந்தது. ஒரு பை எடுத்து வந்தேன். கல்லாவில் இருந்த பெண்ணுக்கு விரல்கள் சிவந்திருந்தன. "காலை ஏழு மணிக்கு வந்தேன் ஆன்டி, இன்னும் சாப்பிடவில்லை" என்றாள்.

பிப்ரவரி 8, சனி, தைப்பூசம்

விடியும் முன்பே சிராங்கூன் சாலை ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டோம். முருகன் திருவிழாவின் ஊர்வலம் பெருமாள் கோயிலில் கிளம்பி, டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலில் போய் முடியும். செட்டியார்கள் 1859இல் கட்டிய கோயில் அது. நடுவில் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர், வெறுங்கால்.

ஆரஞ்சு அறிவித்து முழுதாக ஒரு இரவுதான் ஆகியிருந்தது. கூட்டம் வராது என்று தங்கை நினைத்தாள். முந்தைய வருடங்களைவிடக் குறைவு என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். எனக்கு அது தேர்த்திருவிழாக் கூட்டமாகவே தெரிந்தது. காய்ச்சல் இருமல் உள்ளவர்களும் அண்மையில் சீனா போய் வந்தவர்களும் வர வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நுழைவில் மேசை போட்டுக் கிருமிநாசினிப் புட்டிகள். சந்தனம், விபூதி, பால் எல்லாவற்றோடும் அந்த ஆஸ்பத்திரி வாடை கலந்து வந்தது. என்னால் அதை மறக்க முடியும் என்று தோன்றவில்லை. விபூதியைக் கையால் கொடுக்காமல் சிறு கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் போட்டார்கள்.

மாப்பிள்ளைக்கு இது மூன்றாம் வருட நேர்ச்சை. பால்குடத்தைத் தலையில் ஏற்றியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் "அரோகரா" சொன்னோம். முன்னால் அலகுக் காவடி எடுத்த சீன இளைஞர் ஒருவர். அவருடைய அம்மா காவி உடுத்தி, முகக்கவசம் போட்டு, கையில் தண்ணீர்க் குவளையோடு பக்கவாட்டில் நடந்துவந்தார். மகன் நிற்கும்போதெல்லாம் விசிறினார். செலிகி சாலை திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. தார் சுட்டது. அங்கே மோர் ஊற்றிய பெண், குவளையை ஒவ்வொரு முறையும் கழுவி, கழுவிய தண்ணீரைக் காட்டி, "பாருங்க, சுத்தமா இருக்கு" என்று கேட்காமலே சொன்னாள். அந்த வார்த்தை எனக்கு வருத்தமாக இருந்தது. தண்ணீர்ப் பந்தலில் யாரும் அதைச் சொல்ல வேண்டி வந்ததில்லையே.

அன்னதானத்தில் சாம்பார் சாதம், பட்டாணிக் கூட்டு, கேசரி. எல்லோரும் அருகருகே உட்கார்ந்துதான் சாப்பிட்டோம்.

வீட்டுக்கு வந்தபோது பிரதமர் லீ சியன் லூங் பேசிய காணொளி வந்திருந்தது. ஆங்கிலம், சீனம், மலாய் என்று மூன்று மொழியிலும் பேசியிருந்தார். பொருட்கள் போதுமான அளவு இருக்கின்றன, நூடுல்ஸும் கழிவறைத் தாளும் வாங்கிக் குவிக்கத் தேவையில்லை, கிருமியைவிட அச்சம் அதிகக் கேடு செய்யும் என்றார். நோய் பரவிவிட்டால் என்ன செய்வோம் என்பதையும் மறைக்கவில்லை. எல்லோரையும் மருத்துவமனையில் சேர்க்க முடியாமல் போகலாம், லேசாக வந்தவர்கள் வீட்டிலேயே ஓய்வெடுக்க வேண்டியிருக்கும் என்று சொன்னார். தங்கை அதைக் கேட்டு முடித்துவிட்டுத்தான் நன்றாகச் சாப்பிட்டாள். இந்தப் பேச்சு வெள்ளிக்கிழமை மாலை அந்த அறிவிப்போடு சேர்ந்து வந்திருந்தால் பாதித் தள்ளுவண்டிகள் நிரம்பியிருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். உணவில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிற நாட்டில் ஒரு நிறத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு ஒரு நாள் காத்திருக்கவைக்கக் கூடாது.

இன்றுவரை 40 பேருக்குத் தொற்று.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஃபேர்பிரைஸ் பேரங்காடிகளில் அளவு வைத்துவிட்டார்கள். ஒருவருக்கு அரிசி இரண்டு மூட்டை, நூடுல்ஸ் நான்கு கட்டு, கழிவறைத் தாள் நான்கு கட்டு. கீழே போய்ப் பார்த்தேன். தட்டுகள் பழையபடி நிறைந்திருந்தன.

மாலையில் தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா. ஞாயிற்றுக்கிழமை என்றால் தீவு முழுவதும் இருக்கும் தமிழ், வங்காளத் தொழிலாளிகள் அங்கேதான் கூடுவார்கள். பணம் அனுப்ப, சிம் கார்டு போட, ஊர்க்காரனைப் பார்க்க, புல்தரையில் உட்கார்ந்து ஒரு பிரியாணிப் பொட்டலத்தை இரண்டு பேராகச் சாப்பிட. ஒரு கடையில் 50 முகக்கவசப் பெட்டி என்ன விலை என்று கேட்டேன். 45 வெள்ளி என்றார். என் பக்கத்தில் நின்ற தம்பி அதைக் கேட்டுவிட்டு, "என்னோட ரெண்டு நாள் சம்பளம்" என்றார்.

அப்படித்தான் பேச்சு தொடங்கியது. அறந்தாங்கிப் பக்கம். நான் பேராவூரணியில் டீச்சராக இருந்தேன் என்றதும் நிமிர்ந்து நின்றுகொண்டார். கட்டுமான வேலை, வந்து இரண்டு வருடம். ஏஜெண்டுக்குக் கட்டிய கடனில் இன்னும் பாதி பாக்கி. வெள்ளிக்கிழமை கூட்டத்தைப் பற்றிக் கேட்டேன்.

"நாங்களும் பாத்தோம் டீச்சர், லாரியில வரும்போது. ஒரு ரூம்ல பன்னெண்டு பேரு. ஒரு ஆளுக்குக் கட்டிலும் ஒரு சின்ன அலமாரியும்தான். மூட்டைய வாங்கி எங்க வைக்கிறது? சமைக்கிறதும் இல்ல, கேட்டரிங் சாப்பாடுதான். மாசம் 130 வெள்ளி புடிச்சிக்கிறாங்க. காலையில அஞ்சு மணிக்கே மதியச் சாப்பாட்டையும் சேத்துக் குடுத்துருவாங்க."

காலையும் மாலையும் காய்ச்சல் பார்க்கிறார்களாம். காய்ச்சல் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அதான் தெரியல. வேலை போயிருமோன்னு ரெண்டு பேரு மாத்திரை போட்டுக்கிட்டு வர்றாங்க" என்றார். அம்மாவுக்குக் கோடாலித் தைலமும் ஒரு மிட்டாய்ப் பையும் கொடுத்தனுப்ப முடியுமா என்று தயங்கிக் கேட்டார். வாங்கிக்கொண்டேன். முகவரியையும் கைப்பேசி எண்ணையும் பிரியாணிக் கடை ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். அழகான கையெழுத்து.

இரவுச் செய்தியில் புதிதாக மூன்று பேர். அதில் ஒருவர் வங்காளதேசத் தொழிலாளி, காக்கி புக்கிட்டில் ஒரு தங்கும் விடுதியில் இருந்தவர். மருத்துவமனைக்குப் போகும் முன் தேக்கா பக்கத்தில் இருக்கும் முஸ்தபா என்ற பெரிய கடைக்கும் போயிருக்கிறார். தங்கையும் மாப்பிள்ளையும் முஸ்தபாவைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அந்தப் பன்னிரண்டு கட்டில்கள்தான் நினைவில் ஓடின.

பிப்ரவரி 10, திங்கள்

ஊரிலிருந்து வரிசையாகப் போன். முஸ்தபா பக்கமே போகாதே என்று. எப்போதும் தோளோடு தோள் இடிக்கும் அந்தக் கடையில் இன்று தனியாக நடந்தேன். தைலம், பேரீச்சை, பேரப் பிள்ளைகளுக்குச் சாக்லேட். விற்பனைப் பெண் ஒருத்தி முகக்கவசத்துக்கு மேலே கண்ணால் சிரித்து, "நேத்து ராத்திரியிலேருந்து இப்படித்தாம்மா" என்றாள்.

திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் குளிர்காற்று நேராக என் மேல் அடித்தது. தொண்டை கமறி இருமல் வந்துவிட்டது. அடக்கப் பார்க்க இன்னும் கூடியது. எதிரில் இருந்த பையன் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போனான். பக்கத்து இருக்கை காலியானது. பெட்டி முழுக்க என்னைப் பார்க்காமல் பார்த்தது. அப்போது ஒரு சீன அம்மா, எழுபது வயது இருக்கும், தன் இடத்திலிருந்து எழுந்து வந்து காலியான இருக்கையில் உட்கார்ந்தார். பையிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுக்கப் போய், என்ன நினைத்தாரோ, அதை உள்ளே வைத்துவிட்டு இஞ்சி மிட்டாய் ஒன்றை நீட்டினார். அப்புறம் உறை பிரிக்காத முகக்கவசம் ஒன்று. அரசாங்கம் கொடுத்த அதே உறை. நான்கில் ஒன்று. வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். "என் வீட்டில் நான் ஒருத்திதான், நான்கு எதற்கு" என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்லி என் மடியில் வைத்தார். பிஷான் நிலையம் வந்ததும் இறங்கிப் போய்விட்டார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

நாள் முழுவதும் மழை. வெளியே போகவில்லை. உலக சுகாதார நிறுவனம் நோய்க்குக் கோவிட்-19 என்று பெயர் வைத்திருக்கிறது. தங்கையின் மகள் பள்ளியில் வெளிப்போட்டிகள் எல்லாம் ரத்து. சாப்பாட்டு இடைவேளையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இடம் குறித்துவிட்டார்களாம். காய்ச்சல்மானியைச் சொந்தமாகக் கொண்டுபோகிறாள். எண்ணைப் படித்து டீச்சரிடம் சொல்வது அவளுக்குப் பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

ஊர் திரும்பிவிட்டேன். திருச்சியில் இறங்கியதும் படிவம், வெப்பமானி, முகவரி, கைப்பேசி எண். இந்தியாவில் இதுவரை மூன்றே பேர், மூவரும் வூஹானிலிருந்து கேரளாவுக்குத் திரும்பிய மாணவர்கள். அவர்களும் தேறி வருகிறார்கள். ஆனால் எங்கள் தெருவுக்குச் செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. பால்காரம்மா கேட்டுக்கு வெளியே நின்று பாத்திரத்தைக் கீழே வைக்கச் சொன்னார். இருபது வருடமாகத் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போகிறவர். நான் வாங்கி வந்த சாக்லேட்டை நீட்டினால், மாடி வீட்டு அம்மா "அப்புறம் வாங்கிக்கிறேன்" என்றார். சிங்கப்பூரில் டாக்சி அங்கிள் சொன்ன அந்த அண்ணியின் மேசை எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்குப் புரிந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

அறந்தாங்கிப் பக்கம் அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போனேன். உடம்பில் ஒன்றும் இல்லை என்றாலும் வாசலிலேயே பையைக் கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். "சிங்கப்பூர்ச் சாமானா? வெயில்ல போட்டு எடு" என்று எதிர்வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். அந்த அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. பையை வாங்கிப் பிரித்து, தைலப் புட்டியைத் திறந்து முகர்ந்து, என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். கருவாட்டுக் குழம்பு, சோறு. "அவன் சாப்பிடுறானா? எளச்சிட்டானா?" என்பதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஏப்ரல் 21

தேக்காவில் நின்று நான் கவலைப்பட்டது நடந்துவிட்டது. ஏப்ரல் 5ஆம் தேதி சிங்கப்பூரில் இரண்டு விடுதிகளைத் தனிமைப்படுத்தி ஏறக்குறைய 20,000 தொழிலாளிகளை உள்ளேயே வைத்தார்கள். அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக மற்ற விடுதிகள். நேற்று ஒரே நாளில் 1,426 பேர். அதில் மிகப் பெரும்பாலோர் விடுதித் தொழிலாளிகள். பிப்ரவரியில் உலகமே பாராட்டிய ஊர் அது. நோய் கண்டவர் யாரோடு பேசினார், எந்தக் கடைக்குப் போனார் என்று அவ்வளவு நுணுக்கமாகத் தேடிய ஊர், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் கட்டில் ஒட்டிக் கட்டில் போட்டுப் படுத்திருப்பதைக் கணக்கில் வைக்காமல் போனது. பேரங்காடி வரிசையில் அவர்கள் யாரும் நிற்கவில்லை, அதனால் அவர்களுடைய பயம் யார் கண்ணிலும் படவில்லை என்று நினைக்கிறேன்.

அந்தத் தம்பியோடு வாரம் ஒருமுறை பேசுகிறேன். அறையில் இரண்டு பேரைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். மிச்சம் பத்துப் பேர். இவருக்கு இன்னும் பரிசோதனை முடிவு வரவில்லை. சாப்பாடு முதல் வாரம் நேரம் தப்பி வந்ததாம், இப்போது பரவாயில்லையாம். சம்பளம் வந்துவிட்டது, ஆனால் பணம் அனுப்பும் கடைக்குப் போக வழியில்லை. இங்கே அவர் அம்மா ரேஷனில் 1,000 ரூபாயும் அரிசியும் வாங்கிவிட்டார். வட்டிக்காரர் மட்டும் ஊரடங்கிலும் வந்து நிற்கிறாராம்.

அறந்தாங்கியில் மருந்துக்கடை வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் வெளியே போக அனுமதிச்சீட்டு இருக்கிறது. அவன் கணக்குக்கு 5,000 அனுப்பி, நேற்று கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னேன். ரத்த அழுத்த மாத்திரையும் ஒரு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.